கால் வெடிப்பும் கால் கிலோ மெழுகும்

போன வருஷம் சித்திரையில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. இடம்: குன்றாண்டார்கோவில். 'அது எங்கே இருக்கு?' என்று மெட்ராஸ்காரர்கள் கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூர் பக்கம். உள்ளூரில் யாரும் இத்தனை இலக்கணமாகச் சொல்ல மாட்டார்கள். 'குன்னாண்டார்கோயில்' என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே புரியும். குன்றைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் எடுத்த சிவன் கோயில். முன்னால் ஒரு மண்டபம், குதிரைகள் இழுக்கிற தேர் மாதிரியே கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். சக்கரம்கூட உண்டு. சாமி பெயர் பர்வதகிரீஸ்வரர்.

எல்லாம் சரி, கோயிலுக்குள் செருப்பு போட முடியாதே! சித்திரை வெயில், கல் தளம். நான் துள்ளிய துள்ளலை நடராஜர் பார்த்திருந்தால் ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்திருப்பார்.

அது போகட்டும். நான் தாய்மாமன். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சபை நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வீடியோக்காரர் 'மாமா, இந்தப் பக்கம் பாருங்க' என்று சொல்லிக்கொண்டே கேமராவை மெதுவாகக் கீழே இறக்கினார். அங்கே என் குதிகால்கள். அக்கா எழுந்து போகும்போது அவள் பட்டுப் புடவை என் குதிகாலில் மாட்டி, 'சர்ர்' என்று ஒரு இழை கூடவே வந்தது. பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் புடவை! அக்கா என்னைப் பார்த்த பார்வையில் குழந்தைக்கு முன்னால் நான் அழுதிருப்பேன்.

"என்னடா தம்பி, காலா இது? தண்ணி வத்துன கம்மா மாதிரி வெடிச்சுக் கெடக்கு!" என்றது ஒரு குரல். அப்பாவின் கூடப் பிறந்த அத்தை. எழுபதைத் தாண்டியவர். பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் திருப்பூரில்.

"ஏ.சி. ரூம் அத்தை. எந்நேரமும் உட்கார்ந்தே வேலை..." என்று இழுத்தேன்.

"உக்காந்தா இது வேறெங்கயோல்ல வெடிக்கணும்?" என்றார் அத்தை. சபை சிரித்தது. மடியில் இருந்த குழந்தையும் சிரித்தது என்று வீடியோவில் தெரிகிறது.

நான் பி.காம். எதையும் வரவு செலவாகப் பார்த்தே பழக்கம். கால் வெடிப்புக்கு அந்த ஒரு வருஷத்தில் நான் செய்த செலவைக் கூட்டிப் பார்த்தேன். ட்யூப் ஐந்து. 'ஹெர்பல்' என்று பச்சை எழுத்தில் போட்ட டப்பா இரண்டு. டி.வி.யில் பார்த்து வாங்கிய ஒரு சுரண்டும் மெஷின். அது ஒருநாள் சுரண்டிவிட்டு ஓய்வு பெற்றுவிட்டது. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். வரவுப் பக்கம் பூஜ்யம். குதிகாலுக்கு மட்டும் தேய்மானம் தவறாமல் போட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஒரு பழைய அலுமினியத் தூக்கு. அதற்குள் மஞ்சளாக, கட்டிக் கட்டியாக ஏதோ. வெல்லம் என்று நினைத்து வாயில் போடப் போனேன்.

"அடச் சீ, வையி! அது தேன் மொழுகு."

ஊருக்குத் தேன் எடுத்து விற்கிறவர் ஒருவர் வருகிறார். தேனைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற ராட்டை முன்பெல்லாம் வேலி ஓரம் எறிந்துவிடுவாராம். அத்தை பத்து, இருபது கொடுத்து அதை வாங்கி வைத்துக்கொள்கிறார். ராட்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அப்படியே ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாகக் கட்டிவிடும். அழுக்கு அடியில் நிற்கும். மேலே இருப்பதை எடுத்து இன்னொரு தரம் அதேபோல் செய்தால் சுத்தமான மெழுகு. ஒரு பானை ராட்டுக்கு உள்ளங்கை அளவு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஏன் இவ்வளவு கொஞ்சம்? தேனீயைக் கேட்டால் தெரியும். வேலைக்காரத் தேனீயின் வயிற்றுக்கு அடியில் எட்டு மெழுகுச் சுரப்பிகள். செதில் செதிலாக வருவதைக் காலால் எடுத்து, வாயில் மென்று, கூட்டில் ஒட்டுகிறது. ஒரு கிலோ மெழுகுக்கு ஆறு முதல் எட்டு கிலோ தேனையாவது தின்றிருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் ஊர் லாபநஷ்டக் கணக்கில் இந்தக் கம்பெனி ஒரு மாதம் தாங்காது.

அத்தை மருந்து செய்கிற விதத்தை எழுதிக்கொள்ளுங்கள், கஷ்டமே இல்லை. நல்லெண்ணெய் நூறு மில்லி. மெழுகு இருபது கிராம். வெயில் காலமென்றால் இருபத்தைந்து, இல்லாவிட்டால் டப்பாவுக்குள்ளேயே உருகி ஓடும். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து, அந்தக் கிண்ணத்தில்தான் எண்ணெயும் மெழுகும். நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, மெழுகு தீப்பிடிக்கும். அறுபத்திரண்டு டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடுகிற சாது அது, அதற்குப் போய் முழு ஃப்ளேம் எதற்கு? உருகியதும் பொடித்த குங்கிலியம் ஒரு சிட்டிகை. இறக்கி, வடிகட்டி, டப்பாவில் ஊற்றி, ஆறும் வரை மூடாமல் வைக்க வேண்டும். பதம் பார்க்க ஒரு சொட்டைச் சில்வர் தட்டில் விட்டு விரலால் தொட்டால் போதும். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் எண்ணெய், இளகினால் கொஞ்சம் மெழுகு.

சில தரம் நல்லெண்ணெய்க்குப் பதில் வெட்பாலை எண்ணெய். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது யாரோ மை கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இதே வெட்பாலை எண்ணெயைத்தான் சித்த மருத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் '777 எண்ணெய்' என்று பெயர் வைத்துச் செதில் உதிர்கிற சொரியாசிஸுக்குக் கொடுக்கிறார்கள்.

அத்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? "எங்க அப்பத்தா" என்றார். அவருக்கு யார்? தெரியாது. ஆனால் மெழுகும் எண்ணெயும் குங்கிலியமும் சேருகிற இந்தக் கூட்டணி ரொம்பப் பழசு. 'அஷ்டாங்க ஹிருதயம்' சொல்கிற பிண்ட தைலத்தில் நல்லெண்ணெயோடு தேன்மெழுகு, குங்கிலியம், மஞ்சிட்டி, நன்னாரி. எரிச்சல் எடுக்கிற மூட்டுக்கு மேலே தடவ இன்றைக்கும் ஆயுர்வேதக் கடைகளில் கிடைக்கிறது. அந்தப் பக்கம் ரோமாபுரியில் கேலன் என்ற வைத்தியர், இரண்டாம் நூற்றாண்டில், ஆலிவ் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கிப் பன்னீரை விட்டுக் கடைந்தார். இன்றைய 'கோல்டு க்ரீம்' அதன் பேரப்பிள்ளைதான்.

இன்னொரு ஆச்சரியம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலைக்கு முதலில் மெழுகில்தானே உருவம் செய்வார்கள்? அந்த மெழுகு என்ன தெரியுமோ? தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய்! உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகம் போய் உட்காரும். அடுத்த தடவை திருக்கோகர்ணத்தில் இருக்கிற புதுக்கோட்டை மியூசியத்துக்குப் போனால் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் முதலில் மெழுகாக இருந்தவை. என் குதிகாலுக்கும் நடராஜருக்கும் ஒரே சரக்கு என்று நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சரி, பலன்? பதினைந்தாம் நாள் வெடிப்பு மூடிக்கொண்டது. ஒரு மாதத்தில் என் கால் என்று எனக்கே நம்ப முடியவில்லை. வேட்டியில் நூல் மாட்டவில்லை. என் மனைவி, "ஏங்க, இவ்ளோ நாள் ட்யூபு வாங்கின காசுக்கு எனக்கு ஒரு கொலுசு வாங்கியிருக்கலாம்" என்றாள். (வாங்கவில்லை. அது வேறு கட்டுரை.)

இதற்கு மெழுகில் ஏதோ மந்திரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி உண்டு, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. உடம்பு பூராவுக்கும் ஆண்டவன் எண்ணெய் சப்ளை வைத்துவிட்டு, உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் மட்டும் பட்ஜெட்டில் ஒதுக்க மறந்துவிட்டார். ஏ.சி. காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. குதிகால் தோல் தடிப்பு, காய்ந்தால் வளையாது, நம் பாரத்தைத் தாங்கும்போது பிளந்துகொள்கிறது. மெழுகு அங்கே ஒரு மூடி போடுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது. தோல் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும்.

ஆகையால் ஈரம் இல்லாத காலில் தடவிப் பிரயோஜனம் இல்லை. நான் ட்யூப் ட்யூபாகத் தோற்ற ரகசியம் இதுதான். இரவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் காலை வைத்து, தேய்க்கிற கல்லால் லேசாகத் தேய்த்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் தடவ வேண்டும். மேலே ஒரு காட்டன் சாக்ஸ். இல்லையென்றால் பெட்ஷீட்டில் சிலை வார்க்க வேண்டி வரும். உதடு வெடிப்பு, குளிர்காலத்தில் முழங்கை வெள்ளை பூத்தல், பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்த கை, எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசலின் செய்வதும் இதே வேலைதான். 1872-ல் செஸ்பரோ என்ற அமெரிக்கர் பெட்ரோலியக் கழிவிலிருந்து எடுத்துப் பேடன்ட் வாங்கிய சரக்கு. ஈரத்தைத் தடுப்பதில் அது மெழுகைவிடக் கெட்டிக்காரன். விலையும் குறைச்சல். ஆனால் அது காலில் பிசுபிசு என்று நிற்கும். மெழுகுக் களிம்பு காய்ந்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. வாசனையும் நன்றாக இருக்கிறது. எனக்கு அத்தை களிம்புதான் பிடித்தது. அதில் பாதி, அத்தையைப் பிடித்ததால்.

கடையில் மெழுகு வாங்குகிறவர்கள் உஷார். மெழுகுவர்த்தி செய்கிற பாரஃபினைக் கலந்து விற்பது சகஜம். அசல் மெழுகு தேன் வாசனை அடிக்கும். கையில் வைத்து உருட்டினால் இளகும். வெள்ளை வெளேரென்று, வாசனையே இல்லாமல், உடைத்தால் தூள் தூளாகப் போனால் தள்ளி நில்லுங்கள். சிலருக்கு அசல் மெழுகே ஒத்துக்கொள்ளாது. முன்கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

இனி வருவது கொஞ்சம் அந்தரங்கம். தாய்க்குலம் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். டூ-வீலர், ஜீன்ஸ், வியர்வை. ஆபீஸ் போகிற வாலிபர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தொடை இடுக்கில் வட்டம் வட்டமாகப் படை. முதலில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 'இதைப் போடுங்க சார், மூணே நாள்' என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு போனது. நாலாம் நாள் தன் குடும்பத்தோடு திரும்பி வந்தது. குதிகாலை ஜெயித்த திமிரில் நான் அத்தை களிம்பை அதன் மேல் அப்பினேன். ஒரே வாரம். இரண்டு வட்டம் ஏழானது!

திருச்சியில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினேன். ட்யூபை வாங்கிப் பின்பக்கம் படித்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே ஜாலியா வளரும். அதுக்கு மேல மெழுகு வேற! பூஞ்சைக்கு என்ன வேணும்? சூடும் ஈரமும். நீங்க மூடி போட்டு வளர்த்திருக்கீங்க" என்றார். இந்த ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018-லேயே டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு பட்டியலில் சேர்த்துவிட்டதாம். கவுண்ட்டரில் நின்று 'ஒரு நல்ல க்ரீம் கொடுங்க' என்று கேட்கிறவர்கள் நாம்தானே! பூஞ்சைக்கான மருந்தை, அரிப்பு போன பிறகும், அவர் சொன்ன நாள் வரை போட்டு முடித்தேன். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. சொல்கிற இடமா அது?

சொல்லியிருக்கலாம். மூடி போட்டால் உள்ளே என்ன நடக்கும் என்று அப்போதே சொல்லியிருந்தால்...

கார்த்திகையில் ஒருநாள் போன். பக்கத்து வீட்டுப் பையன். "அத்தைக்குக் காய்ச்சல், எந்திரிக்க மாட்டேங்குறாங்க." போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு வாடை. அத்தை போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லடா, முள்ளு குத்துனது." போர்வையை விலக்கினேன். வலது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. மேலே மஞ்சளாகப் பளபளவென்று அவருடைய களிம்பே.

கருவேல முள் குத்தி மூன்று வாரமாம். வலிக்கவில்லையா என்று கேட்டேன். "வலிச்சாத்தான் காட்டிருப்பனே" என்றார்.

அத்தைக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை இருந்தால் போடுவார், தீர்ந்தால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். ரொம்ப நாள் சர்க்கரை இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும். முள் குத்துவது தெரியாது, செருப்பு கடிப்பது தெரியாது. ரத்த ஓட்டமும் மந்தம். வெடிப்பிலோ முள் குத்திலோ கிருமி உள்ளே போனால் பரவுகிறதே தவிர, ஆறுவதில்லை. ஊருக்கே கால் சரி பண்ணுகிறவர், தன் காலுக்கும் அதையே தினம் இரண்டு வேளை தடவி, துணி சுற்றி, மேலே கொசுவத்தைத் தழைத்துவிட்டு நடமாடியிருக்கிறார். மேலே மெழுகு. உள்ளே சீழ்.

புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சுண்டுவிரலை எடுத்தார்கள். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கணுக்கால் வரைக்கும் பேசியிருப்போம்" என்றார் சர்ஜன். திருப்பூரிலிருந்து பிள்ளைகள் வந்து அழுதார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழுவழு என்று இருந்தது. எரிச்சலாக வந்தது.

பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இப்போது இன்சுலின். பக்கத்து வீட்டுப் பையன் போட்டுவிடுகிறான். தினம் ராத்திரி ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலை அதில் காட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "இந்த வயசுல காலுக்கு மேக்கப்பு" என்று திட்டிக்கொண்டே செய்கிறார்.

களிம்பை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். பொங்கலுக்குப் போனபோது திண்ணையில் அதே அலுமினியத் தூக்கு. அடுப்பில் தண்ணீர். கீரனூரிலிருந்து ஒரு பெண் டப்பா வாங்க வந்திருந்தார்.

"சக்கரை இருக்காம்மா ஒனக்கு?"

"தெரியலையே ஆத்தா."

"பாத்துட்டு வா. சீட்டைக் காட்டு. அப்பறம் தர்றேன்."

"வெடிப்புக்குத்தான் ஆத்தா கேக்குறேன்..."

அத்தை பேசவில்லை. புடவையைக் கொஞ்சம் உயர்த்தி, நாலு விரல் இருக்கிற வலது காலை முன்னால் நீட்டினார். அந்தப் பெண் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

நான் மெதுவாக என் காலி டப்பாவை எடுத்து நீட்டினேன். சொந்த அண்ணன் மகன், தாய்மாமன் ஸ்தானத்தில் சபையில் உட்கார்ந்தவன், எனக்கென்ன தடை?

"நீ பாத்தியாடா?"

முப்பத்தேழு வயது. காலையிலிருந்து ராத்திரி வரை நாற்காலி. நாளைக்கு நாலு டீ, சர்க்கரை தூக்கலாக. அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

டப்பா காலியாகவே ஊருக்குத் திரும்பியது. இதை எழுதுவது ராத்திரி பத்தரை மணிக்கு. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு லேபுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். டீ கூடாதாம்.